தன் மேலேயே மனுக் கொடுத்தவர்

அப்பாவை எடுத்த அன்று அம்மா இருந்தார். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் ஈரோட்டிலிருந்து விடிவதற்குள் வந்துவிட்டார்கள். சாமளாபுரத்துப் பெரியப்பா குடும்பம் முழுவதும் வந்திருந்தது. அப்பா தறி ஓட்டிய குடோனின் முதலாளி வந்தார். உடன் தறி ஓட்டியவர்கள் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு அப்படியே வந்து நின்றார்கள். என் அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் அம்மையார் வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மாமா வரவில்லை. அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பி அவர். அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை அவர் கையால்தான் வந்திருக்க வேண்டும். மதியம் இரண்டு மணி வரை காத்திருந்தோம். பிறகு பெரியப்பா மகன் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு சேலை வாங்கி வந்தார். அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் ஏன் வரவில்லை?" என்று அன்று கேட்டவர்களுக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. இந்த ஓராண்டில் பலரும் பலவிதமாகப் பேசிவிட்டார்கள். அதனால் இந்த நினைவு மலரில் அப்பாவின் வாழ்க்கையோடு அதையும் எழுதிவிடுகிறேன்.

எழுதுவதற்கு முன் உதவிப் பொறியாளரிடம் கேட்டுக்கொண்டேன். நான் நகர நிர்வாகத்தில் வேலை செய்பவன். அச்சில் எதையாவது எழுத அனுமதி வாங்க வேண்டுமோ என்று பயம்.

"அப்பாவப் பத்தி எழுதறதுக்கு எதுக்குத் தம்பி பர்மிஷன்? ஆபீஸ் பேரையும் ஆளுங்க பேரையும் மட்டும் போடாதீங்க" என்றார். அதனால் இதில் எந்தப் பெயரும் இல்லை.

இந்தப் பயம் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. பொதுவாக நினைவு மலரில் தந்தையைத் துணிச்சல்காரர் என்று எழுதுவார்கள். நான் அப்படி எழுதினால் அப்பாவைத் தெரிந்த நீங்களே சிரிப்பீர்கள். அவர் பயந்த மனிதர். காக்கிச் சட்டை போட்டவர் மின்சாரக் கணக்கு எடுக்க வந்தாலும் எழுந்து நிற்பார்.

சாமளாபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தறிக் குடோனுக்கு அனுப்பப்பட்டவர். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. சின்னப் பையன்களை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆபீசர் வரும்போதெல்லாம் அவரை நூல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்து, மேலே இரண்டு மூட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். ஒருமுறை ஆபீசர் டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டார். இருமல் வந்தது, துண்டை வாயில் திணித்துக்கொண்டேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரிப்பார். ஆனால் ஆபீசர் என்ற சொல்லைக் கேட்டால் அறுபது வயது நெருங்கும்போதும் அவர் கை துண்டைத் தேடும்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் அப்பாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். அவர் கைநாட்டு வைத்ததைப் பின்னால் நின்றவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து இரட்டைக்கோடு நோட்டில் அவருக்குக் கையெழுத்துப் பழக்கினேன். பத்து நாளில் வந்துவிட்டது. ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. புள்ளிகளை அந்தந்த எழுத்தில் வைக்காமல், பெயரை முழுவதும் எழுதி முடித்து, கடைசியில் வரிசையாக, குங்குமம் வைப்பதுபோல் அழுத்தி வைப்பார். வைத்துவிட்டு அடியில் ஒரு கோடு. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த எழுத்து.

பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். மூன்று வருடமும் கட்டணம் கட்டியவர் மாமா. அப்போது அவர் டெம்போ வைத்து ஜல்லியும் மணலும் ஓட்டிக்கொண்டிருந்தார். "மாப்ள, நீ படி. கணக்குப் பாக்கறதுக்கு நானென்ன வட்டிக்கடையா வெச்சிருக்கேன்?" என்பார். இதை மறந்து எழுதினால் எனக்கு நல்லதாகாது.

படித்து, தேர்வு எழுதி, நகர அலுவலகத்தில் பணி ஆய்வாளராகச் சேர்ந்தேன். சாக்கடையோ தெருக் கான்கிரீட்டோ ஒப்பந்ததாரர் செய்து முடித்ததை நாடா பிடித்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. நான் எழுதும் அளவை வைத்துத்தான் அவருக்குப் பணம் கிடைக்கும்.

சேரும்போது ஒரு உறுதிமொழிப் படிவம் கொடுத்தார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். குடும்பத்தாரோ நெருங்கிய உறவினரோ இந்த அலுவலகத்தில் ஒப்பந்தம் எடுத்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி.

"அதென்னத்துக்குக் கண்ணு கேக்கறாங்க?"

"சொந்தக்காரங்க வேலைய நானே அளக்கக் கூடாதுங்கப்பா. இருந்தா முன்னாடியே எழுதிக் குடுத்துரணும். அளவு எடுக்க வேற ஆளப் போடுவாங்க."

"மறைச்சா?"

"வேலை போயிரும்."

அந்தச் சொல்லை நான் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று முதல் எங்கள் வீட்டில் விதிகளைப் படிக்கத் தெரியாத ஒருவர் விதிகளைக் காவல் காத்தார்.

முதல் தீபாவளிக்கு ஒரு ஒப்பந்ததாரர் வீட்டுக்கு ஸ்வீட் பெட்டியும் பேண்ட் சட்டைத் துணியும் கொடுத்தனுப்பியிருந்தார். நான் வேலையிலிருந்து வருவதற்குள் அப்பா அதைத் தன் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். விலாசம் தெரியாது. கேட்டுக் கேட்டு மூன்று தெரு சுற்றி, அவருடைய பனியன் கம்பெனியைக் கண்டுபிடித்தார். வாசலில் இருந்த வடநாட்டு வாட்ச்மேனிடம் நீட்டினார்.

"ஸ்வீட் வாபஸா? கெட்டுப்போச்சா?" என்று அவர் கேட்டாராம்.

"கெடலீங்க. நாங்க கெட்டுப்போயிருவமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார் அப்பா. அந்த வாட்ச்மேனுக்கு என்ன புரிந்திருக்கும் என்று நாங்கள் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு முறை எங்கள் தெருவுக்கு எட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அப்பாவிடம், "ஏனுங்ணா, பையன் ஆபீசுல இருக்கறப்ப நமக்கென்னங்க? ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்" என்றார். அப்பா என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் புகார் கொடுக்கும் வரிசையில் அவர் நிற்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்தபின், "நீ சொல்லித் தண்ணி வந்தா, அது உனக்காக உட்ட தண்ணியாயிரும் கண்ணு" என்றார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அது நடந்தது.

ஒரு தெருவில் சாக்கடை கட்டும் வேலையை அளந்துகொண்டிருந்தேன். ஒப்பந்தம் ஏதோ ஒரு சாமி பெயரில் இருந்த நிறுவனத்துக்கு. அந்த இடத்தில் மாமாவை இரண்டு முறை பார்த்தேன். "ஜல்லி நம்மளுதுதான் மாப்ள" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் எனக்குள் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சாக்கடையின் அடியில் போட்ட கான்கிரீட்டின் கனத்தை நான்கைந்து இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்தேன். அந்த இடத்தைக் காட்டியவர் மாமா.

கடைசி பில்லுக்குப் புகைப்படங்களை இணைக்கக் கோப்பு என் மேசைக்கு வந்தது. பக்கங்களைத் தள்ளும்போது நிறுவனத்தின் பதிவுத்தாள் வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. கடைசியில் வரிசையாக அழுத்தி வைத்த புள்ளிகள். அடியில் ஒரு கோடு.

பெயரைப் படிக்கவே தேவையிருக்கவில்லை. கோப்பை மூடினேன். முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து மறுபடி திறந்தேன். அதே புள்ளிகள். சுற்றிலும் பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவிடம் கேட்டேன்.

"ஆமாங் கண்ணு. நீ வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் இருக்கும். உன்ற மாமன் வந்து மூணு நாலு பேப்பர் நீட்டினான். கான்கிரீட் மிஷின் லோனுக்கு, அவன் பேர்ல பழைய பாக்கி நிக்குதுன்னான். உன்ற படிப்புக்குக் குடுத்தவன் கேக்கறான், என்ன ஏதுன்னு கேக்க எனக்கு வாய் வல்ல. ஏன், என்னாச்சு?"

சொன்னேன். அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டார்.

அம்மா போன் செய்து மாமாவை வரச் சொன்னார். மாமா வந்ததும் நிலைமையைச் சிரித்தே கடக்கப் பார்த்தார்.

"மச்சான், நீங்க இப்ப ஓனருங்க! ஓனர் மூஞ்சி இப்படியா இருக்கும்? கொஞ்சம் சிரிங்க."

"மாப்ள, பையன் வேலை போயிரும்டா."

"ஆரு சொல்றா? உங்க பேர்ல இந்த ஊர்ல நூறு பேர் இருக்கறாங்க. அந்தப் புள்ளியையும் கோட்டையும் ஆரு பாக்கப் போறா? பில்லு வந்துரட்டும், அடுத்த மாசம் வேற பேர்ல மாத்திக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "மாப்ள, பெருசா கடன் வாங்கிப் போட்டிருக்கேன். நாஞ் சொல்லிக்காட்டறதில்ல. ஆனா உனக்காக நானும் ஒருகாலத்துல கடன் வாங்கியிருக்கேன்."

அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் ஆரு பக்கம் பேசறதுன்னே தெரியலீங்களே" என்று அழுதார்.

நான் சரி என்று தலையாட்டினேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அதன்பின் பதினோரு நாள். நான் வேலையிலிருந்து வண்டியை நிறுத்துவதற்குள் அப்பா வெளியே வந்துவிடுவார். "இன்னிக்கு ஆராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா?" இல்லை என்பேன். "ஏன் கேக்கல?" என்பார். கேட்டால் ஒரு பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பெரிய பயம். தபால்காரர் தெருவுக்குள் வந்தால் உள்ளே போய்விடுவார். குடோனில் இரண்டு முறை நூல் அறுந்தது தெரியாமல் தறியை ஓடவிட்டுவிட்டாராம். முப்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை என்று முதலாளி பிறகு சொன்னார். நானும் அலுவலகத்தில் யாராவது கோப்பு என்று சொன்னாலே எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன்.

பன்னிரண்டாம் நாள் எங்கள் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். வராந்தாவில் மனுவோடு மக்கள் வரிசையாக நின்றார்கள். மாடியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வரிசையில் ஏழாவதாக அப்பா நின்றார். தங்கை கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. கையில் டோக்கன். ஆபீசர் என்றால் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தவர், ஆணையாளரைப் பார்க்க நின்றுகொண்டிருந்தார்.

நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அங்கிருந்து வெளியே வரவில்லை.

அவர் முறை வந்தது. ஆணையாளர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பெரியவரே, யார் மேல புகார் இது?"

"என் மேலதானுங்க."

"உங்க மேல நீங்களே குடுக்கறீங்களா?"

"ஆமாங்க. வேற ஆரும் குடுக்கறதுக்கு முன்னால நானே குடுத்தர்றனுங்க."

அலுவலக வாசலில் கூலிக்கு மனு எழுதும் பெண்மணியிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார். மச்சினன் கேட்டதால் என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போட்டதாகவும், அந்தச் சாக்கடையை அளந்தது தன் மகன் என்றும், மகனுக்கு இதெல்லாம் எதுவுமே தெரியாது என்றும், தண்டனையைத் தனக்கே கொடுக்கும்படியும் எழுதியிருந்தது. ஆணையாளர் பக்கத்தில் இருந்த உதவிப் பொறியாளருக்காகச் சத்தமாகப் படித்தார். எனக்குத் தூணுக்குப் பின்னால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

மகனுக்கு எதுவுமே தெரியாது. அந்த வரியை அப்படியே விட்டிருந்தால் நான் தப்பித்திருக்கலாம். அப்பா அதற்காகத்தான் வந்திருந்தார். பயந்து பயந்து விதியைக் காத்த மனிதர், எனக்காக ஆபீசர் முன்னால் பொய் சொல்லிக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தேன். "எனக்குத் தெரியுங்க சார். பதினோரு நாளுக்கு மேலாத் தெரியும்."

அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் கை தோளில் துண்டைத் தேடியது. "சார், பையன் பயத்துல ஒளர்றானுங்க. அவனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

ஆணையாளர் என்னைக் கேட்டார்: "அப்ப உங்க அப்பா எழுதியிருக்கறது பொய்யா?"

"அந்த ஒரு வரி மட்டுங்க சார்."

அவர் மனுவை மேசையில் வைத்தார். பிறகு, "ரெண்டு பேரும் முதல்ல உட்காருங்க" என்றார். அப்பா உட்காரவில்லை. "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க" என்று நின்றுகொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கை என் தோளில் இருந்தது. "கெடுத்துப்போட்டியே கண்ணு. நானொருத்தன் போயிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஏழு மாதம் விசாரணை. முடிவில் இரண்டு வருட ஊதிய உயர்வை நிறுத்தி, குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. "நீங்களா வந்து சொன்னதால இதோட போச்சு. ஆடிட்ல வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார் உதவிப் பொறியாளர். சாக்கடையை வேறு ஆள் வைத்து மறுபடி அளந்தார்கள். நான் குத்திப் பார்த்த இடம் தவிர மற்ற இடங்களில் அடிக் கனம் குறைவு. பதிவு ரத்தானது. கடைசி பில் நின்றது. மாமாவின் டெம்போவைக் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாமா ஒருமுறை எங்கள் வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. "அக்கா, உன்ற ஊட்டுக்காரரு என்னை வித்து உன்ற பையன் வேலையக் காப்பாத்திட்டாரு. நல்லா இருங்க" என்றார். அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அது உண்மை என்றே பட்டிருக்க வேண்டும்.

குறைந்த கனத்துக்கான தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க உத்தரவு வந்தது. தாளில் உரிமையாளர் அப்பா. நான் கட்டுகிறேன் என்றதற்கு, "உன்ற சம்பளத்துலயிருந்து போனா உன்ற பேரு மறுபடி அந்தக் கோப்புக்குள்ள போயிரும்" என்று மறுத்துவிட்டார். தவணை வாங்கிக்கொண்டு இன்னொரு ஷிப்டும் சேர்த்துத் தறி ஓட்டினார். ஏற்கெனவே பஞ்சுத் தூசி நெஞ்சில் சேர்ந்திருந்தது. ஒன்றரை வருடம் அப்படி ஓட்டினார். பிறகு மூச்சு விடமுடியாமல் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தார். எட்டாம் நாள் காலையில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இன்னிக்கு ஆபீசு போகலையா? லீவு எழுதிக் குடுத்தியா?" என்று கேட்டார். குடுத்துட்டேனுங்கப்பா என்றேன். அதன்பின் பேசவில்லை.

அப்பாவுக்கு முன்பணம் கொடுத்து, அதைத் திருப்பிக் கேட்காத குடோன் முதலாளிக்கும், ஒன்பது நாளும் மாறி மாறித் துணைக்கு இருந்த தறித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மனு எழுதிய பெண்மணி அன்று அப்பா சொல்லச் சொல்ல எழுதிவிட்டுக் கூலி வாங்கவில்லையாம். அவரை இன்றும் வாசலில் பார்க்கிறேன், கும்பிடுகிறேன். பதினாறாம் நாள் வரை எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய தெருக்காரர்களுக்கும் நன்றி. மாமாவுக்கும் நன்றி. அவர் கட்டிய மூன்று வருடக் கட்டணத்தால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இந்த மலரை அவர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பப் போவதில்லை. நானே கொண்டுபோகிறேன். அந்த வாசலில் போய் நிற்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. மாமாவைக் காட்டிக்கொடுக்க இன்னொரு ஒப்பந்ததாரர் எங்களுக்கு ஐந்து லட்சம் கொடுத்தார் என்று உறவில் பேச்சு இருக்கிறது. நேரில் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை. நாங்கள்தான் கட்டினோம். இருந்தவரை அப்பா கட்டினார், மிச்சத்தை அவர் பெயரிலேயே அம்மா கட்டி, கடைசித் தவணை போன மாதம் முடிந்தது. ரசீதுகள் எல்லாம் வீட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்து நான்காயிரத்து முந்நூறு ரூபாய்.